முகம் மங்கிய நகரங்கள்

பயணம் செல்ல இயலாதவர்க்குப் பயணத்தையே வீட்டிற்குக் கொணர்ந்து தருவது என மெய்நிகர் உலாவைப் போற்றுகின்றனர். படுக்கையில் நாள்களைக் கழிக்கும் எம் பங்கின் முதியவர் ஒருவருக்குக் குரோவேசியாவின் பழம்பெரும் நகரங்களையும் அத்ரியாத்திக் கடற்கரையையும் கணினித் திரையில் காட்டிய மாலையில், அப்போற்றுதல் பொருந்துமென உணர்ந்தேன். ஆனால் இடையில் அவர் கேட்டார்: "சாமி, இந்தத் தெருவுல போறவங்க முகமெல்லாம் ஏன் தெரியல?"

கூகுள் நிறுவனம் தன் வீதிக்காட்சியில் வழிப்போக்கரின் முகங்களை 2008 முதல் மங்கலாக்கி வருகிறது. தனியுரிமையைக் காக்கும் இந்த ஏற்பாடு முறையானதே. எனினும் முகங்களோடு வேறு சிலவும் மங்கிவிடுகின்றன என்பதே என் குறை.

துப்ரோவ்னிக் நகரின் மதில் ஏறத்தாழ 1,940 மீட்டர் நீளமுடையது. அதன்மேல் நின்று நோக்கினால் வெளிறிய பழைய ஓடுகளுக்கிடையே பளிச்சிடும் புதிய ஓடுகளைக் காணலாம். 1991 அக்டோபரில் யூகோஸ்லாவியப் படை இந்நகரை முற்றுகையிட்டது. அவ்வாண்டு டிசம்பர் 6ஆம் நாள் பழைய நகர்மீது குண்டுகளைப் பொழிந்தது. கூரைகளின் இருநிறம் அப்போரின் தழும்பு. திரை நிறத்தைக் காட்டுகிறது, காரணத்தைச் சொல்வதில்லை.

ஸ்பிளிட் நகரிலும் இதே நிலைதான். கிறித்தவர்களைத் துன்புறுத்திய பேரரசன் தியோக்கிளேசியன், 305இல் அரியணை துறந்தபின் இங்குள்ள அரண்மனையில் வாழ்ந்தான். தனக்கென அவன் எழுப்பிய எண்கோணக் கல்லறை மண்டபமே பின்னர், அவன் காலத்தில் கொல்லப்பட்ட சலோனா ஆயர் தூய தோம்னியுஸ் பெயரால் பேராலயமாயிற்று. வரலாற்றின் இத்தீர்ப்பை அறியாதவர்க்கு அது அழகிய கல்தூண்களின் வரிசை மட்டுமே.

சாதர் நகரக் கடற்கரையில் நிக்கோலா பாஷிச் என்னும் கட்டடக் கலைஞர் 2005இல் அமைத்த கடல் ஆர்கன் உள்ளது. கற்படிகளின் கீழ் 35 குழாய்கள்; அலை மோதுகையில் காற்று அவற்றுட் புகுந்து இசையாகிறது. வீதிக்காட்சியில் எஞ்சுவதோ ஊமைப் படிக்கட்டு!

எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைக் குருவும் கண்டார், லேவியரும் கண்டார், சமாரியரும் கண்டார். கண்டதில் மூவரும் ஒன்றே, நின்றவர் ஒருவரே. விரல் அசைவில் நகர்ந்துவிடும் காட்சி, நிற்காமல் கடந்து செல்லவே நம்மைப் பழக்குகிறது. இதற்காக மெய்நிகர் உலாவை விலக்க வேண்டியதில்லை. காணப்போகும் நகரின் வரலாற்றில் ஒரு பக்கமேனும் படித்துவிட்டுத் திரையின்முன் அமர்வோம், ஓரிடத்திலேனும் நிற்போம்.

அன்று முதியவருக்கு ஓடுகளின் கதையைச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "அந்தப் புது ஓட்டை இன்னொரு தடவை காட்டுங்க சாமி."