கோபாலிமர் மாதிரிகளின் போட்டி: எப்படி ரசிப்பது?

இரண்டு வகை மோனோமர்கள் (சிறு மூலக்கூறு அலகுகள்) கலந்து ஒரே சங்கிலியாக வளர்வது கோபாலிமர். அடுத்துச் சேரப்போவது எது என்பதற்கு இரண்டு முக்கிய விளக்கங்கள் உண்டு. 1944-இல் வெளிவந்த மேயோ–லூயிஸ் மாதிரியில் சங்கிலியின் கடைசி அலகே அதைத் தீர்மானிக்கிறது. இரண்டு வினைத்திறன் விகிதங்கள் போதும்; கடைசி அலகு தன் வகையைச் சேர்க்கும் நாட்டம் மற்ற வகையைச் சேர்க்கும் நாட்டத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதே அந்த விகிதம். 1946-இல் வந்த மற்றொரு மாதிரி கடைசிக்கு முந்தைய அலகையும் கணக்கில் சேர்க்கிறது, விகிதங்கள் நான்காகின்றன. எது சரி என்ற வழக்கைப் புள்ளியியல் விசாரிக்கும் விதத்தில்தான் சுவை இருக்கிறது.

முதலில், சாட்சி எது என்று பார்க்க வேண்டும். தாமிரபரணிப் பாசனப் பகுதியில் நெய்யப்படும் பத்தமடைப் பாயில் சாயம் ஏற்றிய கோரை எத்தனை, ஏற்றாதது எத்தனை என்று எண்ணினால் மட்டும் அதன் வடிவமைப்பு பிடிபடாது. எது எதை அடுத்துக் கிடக்கிறது என்பதும் தெரிய வேண்டும். கோபாலிமரிலும் மோனோமர்களின் மொத்த விகிதம் ஒரு சாட்சி, மும்மூன்று அலகுகளின் வரிசை இன்னொரு சாட்சி, வளர்ச்சி வேகம் மூன்றாவது சாட்சி. ஸ்டைரீன்–மீதைல் மெதக்ரிலேட் இணையில், சுமார் 0.52, 0.46 என்ற இரண்டே வினைத்திறன் விகிதங்கள் மோனோமர்களின் மொத்த விகிதத்தை அழகாக விளக்கிவிடுகின்றன. ஆனால் அதே எளிய மாதிரி வளர்ச்சி வேகத்தை விளக்கத் தவறுகிறது என்று ஃபுகுடா குழுவினர் 1985-இல் காட்டினர்.

அடுத்தது, வினைத்திறன் விகிதங்களைக் கணக்கிடும் முறை. 1950-இன் ஃபைன்மன்–ராஸ் முறை, தொடக்கக் கலவையையும் கோபாலிமரின் மொத்த விகிதத்தையும் இணைக்கும் வளைகோட்டை நேர்கோடாக்குகிறது. அதில் அளவீட்டுப் பிழைகள் உருமாறிவிடும். எந்த மோனோமரை முதலாவது என்று கொள்வது என்பதை மாற்றினாலே விடை மாறக்கூடும். 1965-இல் டிட்வெல், மார்டிமர் முன்வைத்த நேரிலா மீச்சிறு வர்க்க முறைக்கு இந்தக் குறை இல்லை. எந்தக் கலவைகளில் சோதனை செய்தால் விகிதங்கள் துல்லியமாகக் கிடைக்கும் என்பதையும் அவர்கள் சொன்னார்கள்.

பிறகு மாதிரிகளை ஒப்பிடுவது. நான்கு விகிதங்கள் கொண்ட மாதிரி, தனக்குள் அடங்கிய இரண்டு விகித மாதிரியைவிட மோசமாகப் பொருந்தாது. அதனால் பிழை குறைந்தது என்பது மட்டும் வெற்றியாகாது. கூடுதல் விகிதங்களுக்கு ஏற்ற அளவு பிழை குறைந்ததா என்று எஃப் சோதனை கேட்கிறது. 1970-களில் வந்த அகாய்கே அளவுகோல் ஒவ்வொரு கூடுதல் விகிதத்துக்கும் ஓர் அபராதம் விதிக்கிறது.

கடைசியாக, எஞ்சிய பிழைகளின் வரைபடம். புள்ளிகள் ஒழுங்கின்றிச் சிதறியிருந்தால் மாதிரியை ஏற்கலாம். வளைந்து ஒரு போக்கு காட்டினால் ஏதோ விடுபட்டிருக்கிறது. இரு மாதிரிகளும் ஒரே விடை சொல்லும் இடத்தில் எத்தனை அளவீடுகள் எடுத்தாலும் வழக்கு தீராது. அவை முரண்படும் இடத்தில் அளந்த ஆய்வே பாராட்டுக்குரியது.