சொரசொரப்புக்கு ஒரு காரணம் வேண்டும்

1987-இல் அடோபி இல்லஸ்ட்ரேட்டர் வந்தபோது ஓவியர் கைக்குக் கிடைத்தது பெசியே வளைவு. ரெனோ நிறுவனத்தில் கார்களின் வெளிக்கூட்டை வடிவமைக்கப் பியேர் பெசியே கையாண்ட கணக்கு அது. கார் வழுவழுவென்று இருக்க வேண்டும். அதனால் அந்த வளைவுக்கு நடுக்கம் தெரியாது. இன்று அந்த வளைவுகளால் ஆன வெக்டர் படங்களின்மேல் மைத்தீற்றலையும் புள்ளித் தூவலையும் ஏற்றுவது அந்தக் குறையைத் தீர்க்கத்தான். ஏற்ற வேண்டியதுதான். தட்டையான ஒரு நிறத்தில் ஓரமாகப் படரும் கரகரப்பே உருண்டையையும் நிழலையும் காட்டிவிடும். கிரேடியன்ட் தரும் பிளாஸ்டிக் மினுக்கு அதில் இருக்காது.

ஏற்றுகிற விதத்தில்தான் எனக்கு வருத்தம். இல்லஸ்ட்ரேட்டரின் 'ரஃப்பன்' எஃபெக்டைத் தட்டினால் கோடு நெடுக ஒரே மாதிரி நெளிவு வந்துவிடும். கை அப்படி நடுங்காது. தூரிகை தாளில் இறங்கும் இடத்தில் மை தேங்கும். வேகமெடுக்கும்போது வற்றி, தாளின் வெள்ளை கீற்றுக் கீற்றாகத் தெரியும். திரும்பும் இடத்தில் கோடு தடிக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கையின் அசைவில் காரணம் உண்டு. ரஃப்பன் போட்ட கோட்டில் அது இல்லை.

நிஜத் தீற்றலை ஸ்கேன் செய்து ஆர்ட் பிரஷ்ஷாக்குவது எவ்வளவோ மேல். ஆனால் ஒரே பிரஷ்ஷில் பத்துக் கோடு இழுத்தால் பத்திலும் அதே இடத்தில் அதே கீறல். நீளமான கோட்டில் அது ஜவ்வு மிட்டாயாக இழுபடும், குட்டைக் கோட்டில் நசுங்கும். வெவ்வேறு நீளத்தில் நாலைந்து தீற்றல் வரைந்து மாற்றி மாற்றிப் போட்டால் இது தெரியாது. வேலை கூடும், கூடட்டும்.

பெரிய குறை அளவில் இருக்கிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாததுதான் வெக்டரின் பலம். புத்தக அட்டையில் கச்சிதமாக இருந்த தூவலோ பேனரில் திட்டுத்திட்டாகும், செல்பேசி ஐகானில் அழுக்காகத் தெரியும். ஸ்கேன் செய்த தூவலை இமேஜ் டிரேஸில் வெக்டராக்கினால் ஆயிரக்கணக்கில் ஆங்கர் பாயின்ட் சேர்ந்து ஃபைல் திணறும். ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டரால் அந்தப் பொடித் துணுக்குகளை வெட்ட முடியாது. லோகோவில் இந்த வேலையே வேண்டாம் என்பேன்.

புத்தக ஓவியத்துக்கு வேறு வழி இருக்கிறது. தீற்றலை 1-பிட் டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்து, டிரேஸ் செய்யாமல் அப்படியே வைத்து, இல்லஸ்ட்ரேட்டரிலேயே நிறம் கொடுக்கலாம். உருவம் வெக்டர், கரகரப்பு மட்டும் பிட்மேப். மையின் ஓரம் கெடாது, ஃபைலும் கனக்காது. முழுக்க வெக்டராக இல்லையே என்று சிலர் குறைப்படுவார்கள். அளவு முடிவான பக்கத்தில் அதனால் நஷ்டமில்லை. அதே படத்தைப் பிறகு போஸ்டராகக் கேட்டால் உருவத்தை மட்டும் பெரிதாக்கிவிட்டு, தீற்றலைப் போஸ்டர் அளவுக்குப் புதிதாக வரைந்து ஸ்கேன் எடுக்க வேண்டும்.