வியர்வைப் பெல்ட் தொப்பையைக் கரைக்குமா?

இடுப்பில் கட்டிக்கொண்டால் தொப்பை கரைந்துவிடும் என்ற வாக்குறுதியோடு வீட்டு உபயோகத்துக்கென விற்கப்படும் சாதனங்களை அவற்றின் அமைப்பை வைத்து மூன்று வகையாகப் பார்க்கலாம். நியோபிரீன் என்னும் செயற்கை ரப்பரால் ஆன, மின்சாரம் தேவைப்படாத வியர்வைப் பெல்ட் முதல் வகை. உள்ளே மின்கம்பிச் சுருள் வைத்துத் தைக்கப்பட்டு, கையடக்கமான ஒரு பெட்டியின் மூலம் சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் வசதி கொண்ட சானா பெல்ட் இரண்டாவது. களிமண், கடற்பாசி, காபித்தூள், மூலிகை எண்ணெய் போன்ற எதையேனும் வயிற்றிலும் தொடையிலும் பூசி, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளையோ துணிப்பட்டையையோ இறுகச் சுற்றும் 'பாடி ராப்' மூன்றாவது. விலையிலும் தோற்றத்திலும் இவை எவ்வளவு வேறுபட்டாலும், சூடேறினால் வியர்க்கும், வியர்த்தால் கொழுப்பு உருகி வெளியேறும் என்ற ஒரே நம்பிக்கையின் மேல்தான் மூன்றும் நிற்கின்றன. ஆகவே தையலையும் துணியையும் மட்டும் பார்த்து இவற்றை மதிப்பிட முடியாது. அந்த நம்பிக்கையையும் சேர்த்தே சோதிக்க வேண்டியிருக்கிறது.

எளிதில் கிடைப்பதும் விலை குறைந்ததுமான நியோபிரீன் பெல்ட்டை முதலில் எடுத்துக்கொள்ளலாம். 1930-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டுபாண்ட் நிறுவன ஆய்வுக்கூடத்தில் உருவான இந்த ரப்பரை நுரைபோல் உப்பச் செய்யும்போது, அதனுள் சிறைப்படும் நுண்ணிய வாயுக் குமிழ்கள் வெப்பம் எளிதில் கடந்து போகாதபடி தடுக்கின்றன. குளிர்ந்த கடலில் மூழ்குவோர் அணியும் உடை இதனால் செய்யப்படுவதற்கு அதுவே காரணம். பெல்ட்டின் உட்புறத்தில், வழுக்காமல் இருப்பதற்காகக் கட்டம் கட்டமாகப் புடைத்த அச்சு இருக்கும். இரு முனைகளிலும் உள்ள வெல்க்ரோ பட்டையை இழுத்து ஒட்டியதும் வயிறு உள்வாங்கி, முதுகு தானாக நிமிர்கிறது. சிறிது நேரத்தில் தோல் கதகதப்பாகி, அரைமணி நேரம் வேகமாக நடப்பதற்குள் பெல்ட்டின் கீழ் விளிம்பு வழியாக வியர்வை கசிந்து உடையை நனைக்கத் தொடங்குகிறது. கழற்றும்போது உட்புறம் முழுவதும் நீர்த்துளிகள் கோத்து நிற்பதையும், வயிற்றுத் தோல் சிவந்து, ரப்பரின் கட்ட அச்சு வரிவரியாகப் பதிந்திருப்பதையும் காணலாம். அந்தப் பதிவைக் கவனித்தாலே பெல்ட் செய்வது என்ன என்பது விளங்கத் தொடங்கும்.

உயிரணுக்களுக்கு இடையே எப்போதும் ஓரளவு நீர் தங்கியிருக்கிறது. இதைத் திசுவிடை நீர் என்பர். வெளியிலிருந்து தொடர்ந்து அழுத்தும்போது இந்நீர் அக்கம்பக்கத்துத் திசுக்களுக்கும், மிகுதியான நீரைத் திரட்டி இரத்தத்தில் சேர்க்கும் நிணநீர்க் குழாய்களுக்கும் நகர்ந்துவிடுவதால், அழுத்திய இடம் சற்று அமுங்கி நிற்கிறது. இறுக்கமான காலுறை கணுக்காலில் விட்டுச்செல்லும் தடமும் இப்படி உண்டாவதே. பெல்ட்டைக் கழற்றிய கையோடு இன்ச் டேப்பைச் சுற்றினால் இடுப்பளவு குறைந்து காட்டுவதற்கு இதுவே காரணம். எடைக்கருவியும் குறைத்தே காட்டும், ஏனெனில் ஒரு லிட்டர் வியர்வை வெளியேறினால் ஏறத்தாழ ஒரு கிலோ எடை குறைந்தே தீரும். ஆனால் நகர்ந்த நீர் சில மணி நேரத்தில் திரும்பி வந்து, குடித்த நீர் இழப்பை ஈடுசெய்ததும் இரண்டு அளவுகளும் பழைய இடத்துக்கே போய்விடுகின்றன. விளம்பரங்களில் காட்டப்படும் 'முன்', 'பின்' அளவுகள் பெரும்பாலும் கழற்றிய உடனேயே எடுக்கப்படுபவை என்பதை வாங்குபவர் நினைவில் கொள்வது நல்லது. முறையான அளவு வேண்டுமானால், உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தபடி, கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளிவிட்ட நிலையில், டேப்பை இறுக்காமல் பிடித்து அளக்க வேண்டும். அதையும் வாரம் ஒருமுறை காலையில் வெறும் வயிற்றில், பெல்ட் அணிந்து ஒரு நாளாவது கழிந்த பிறகு செய்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

வியர்வை என்பது ஏறத்தாழ முழுவதும் நீர். அதில் உப்பும், சிறிதளவு யூரியாவும் லாக்டேட்டும் உண்டு, கொழுப்பு கிடையாது. உடலில் சேமிக்கப்படும் கொழுப்பு டிரைகிளிசரைடு என்ற வடிவில் கொழுப்பணுக்களுக்குள் இருக்கிறது; உண்பதைவிடச் செலவழிப்பது கூடுதலாகும்போது, அட்ரீனலின் போன்ற ஹார்மோன்களின் தூண்டுதலால் அது கிளிசராலாகவும் கொழுப்பு அமிலங்களாகவும் பிரிந்து, இரத்தத்தின் வழியே தசைகளுக்கும் பிற உறுப்புகளுக்கும் சென்று, அங்கே ஆக்ஸிஜனோடு சேர்ந்து எரிகிறது. அப்படி எரிந்த கொழுப்பு எங்கே போகிறது என்ற கேள்விக்கு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் ஆகிய இருவரும் 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கணக்கிட்டுக் காட்டிய விடை பலரையும் வியக்கவைத்தது: 10 கிலோ கொழுப்பு எரிந்தால், அதில் 8.4 கிலோ கார்பன் டை ஆக்ஸைடாக மாறி மூச்சின் வழியே வெளியேறுகிறது, எஞ்சிய 1.6 கிலோ நீராகிறது. கொழுப்பின் பெரும்பகுதி நுரையீரல் வழியாக வெளியேறுவதால், பெல்ட்டுக்குள் தேங்கிய வியர்வையின் அளவை வைத்துக் கரைந்த கொழுப்பை அளவிட வழியே இல்லை.

சூடு உடலின் எரிபொருள் செலவைக் கூட்டாதா என்று கேட்பது நியாயமானதே. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகம் 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், 40 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தவர்களுக்குச் சுமார் 140 கிலோகலோரி செலவானது கண்டறியப்பட்டது. இது அரைமணி நேர நடைக்கு நிகரானது. ஒரு கிலோ கொழுப்புத் திசுவில் அடங்கியுள்ள ஆற்றல் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி என்பதால், உடல் முழுவதும் வெந்நீரில் அமிழ்ந்திருந்தால்கூட அந்த ஒரு கிலோவுக்கு 55 மணி நேரம் வேண்டும். இடுப்பை மட்டும் சூடாக்கும் பெல்ட்டால் கிடைப்பது அதில் ஒரு சிறு பங்காகவே இருக்க முடியும். மேலும், வியர்வை உடலைக் குளிர்விப்பது அது ஆவியாகும்போதுதான்; காற்றுப் புகாத உறைக்குள் வியர்வை ஆவியாக வழியின்றித் தேங்குவதால் உடல் குளிராமல் மேலும் மேலும் வியர்க்கிறது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் புழுக்கத்தில், உறை ஏதும் இல்லாமலே வியர்வை ஆவியாகத் திணறுகிறது என்பதைக் கருதினால், அங்கே இதை அணிந்து உடற்பயிற்சி செய்வது உடலுக்கு எவ்வளவு சுமை என்பது புரியும்.

கட்டிய இடத்தில் மட்டும் கொழுப்பு குறையும் என்ற எண்ணத்துக்கும் ஆதாரம் இல்லை. ஒரே கையால் ஆண்டுக்கணக்கில் மட்டை வீசும் டென்னிஸ் வீரர்களின் இரு கைகளையும் ஒப்பிட்ட 1971-ஆம் ஆண்டு ஆய்வில், ஆடும் கையின் தசை பருத்திருந்தாலும் தோலடிக் கொழுப்பின் தடிப்பு இரு கைகளிலும் ஒன்றாகவே இருந்தது. தசையின் நேரடி உழைப்பே அருகிலுள்ள கொழுப்பைக் குறிப்பிட்டுக் கரைக்கவில்லை என்றால், வெறும் சூட்டிடம் அதை எதிர்பார்க்க முடியாது. பாடி ராப்போடு தரப்படும் களிம்புகளில் சேர்க்கப்படும் மிளகாய்ச் சத்தும் மெந்தாலும் தோலில் எரிச்சலையும் குளிர்ச்சியையும் உணரச் செய்வதால் ஏதோ நடக்கிறது என்ற உறுதி அணிந்தவருக்கு ஏற்படுகிறது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் நரம்பு முனைகளில் சூட்டை உணரும் ஏற்பியைத் தூண்டுகிறது என்பதைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸ் 2021-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எரிவதாக உணர்வது நரம்பு. கீழே உள்ள கொழுப்பு அப்படியே இருக்கிறது.

மின்சார சானா பெல்ட்டைப் பற்றிக் கூடுதலான எச்சரிக்கை தேவைப்படுகிறது. நீரிழிவால் நரம்புகள் பாதிக்கப்பட்டுத் தோலின் உணர்வு மங்கியவர்களுக்குச் சூடு எல்லை மீறுவது தெரியாமலே கொப்புளம் எழும் அளவுக்குப் புண்ணாகலாம். உணர்வு நன்றாக இருப்பவர்களுக்கும், மிதமான சூட்டைத் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் வைத்தால் வலைப்பின்னல் போன்ற பழுப்புத் தழும்பு உண்டாகிறது. ஈரமும் சூடும் சேர்ந்த இடத்தில் வேர்க்குருவும் படர்தாமரையும் எளிதில் பரவுகின்றன. நியோபிரீனில் சேர்க்கப்படும் தயோயூரியா வகை வேதிப்பொருள்களால் சிலருக்கு ஒவ்வாமைத் தடிப்பும் வருகிறது. உயர் இரத்த அழுத்தத்துக்காக நீர்பிரிக்கும் மாத்திரை எடுப்பவர்களும், இதய நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் இவற்றைத் தொடவே கூடாது. அமெரிக்காவில் 1997-ஆம் ஆண்டின் இறுதியில், போட்டிக்காக எடையைக் குறைக்க ஆவி புகாத உடை அணிந்து வெப்பமான அறையில் பயிற்சி செய்த 3 கல்லூரி மல்யுத்த வீரர்கள் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தனர். அதன்பின் கல்லூரி மல்யுத்தத்தில் அவ்வுடை தடை செய்யப்பட்டது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2011-இல், உடலைத் தூய்மைப்படுத்தும் பயிற்சி என்ற பெயரில் சேறு பூசப்பட்டு, பிளாஸ்டிக் தாளாலும் கம்பளிகளாலும் சுற்றப்பட்டு மணிக்கணக்கில் கிடந்த ஒரு பெண் உடல் வெப்பம் மிகுந்து உயிரிழந்தார். இடுப்பை மட்டும் சுற்றும் பெல்ட்டில் இந்த அளவு ஆபத்து இல்லை என்றாலும், விரைவில் பலன் வேண்டும் என்று உடல் முழுவதும் பிளாஸ்டிக்கைச் சுற்றிக்கொள்பவர்கள் இந்த எல்லையை நெருங்குகிறார்கள்.

இவை எதற்கும் உதவாதவை என்று சொல்வதும் சரியாகாது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் தாயின் வயிற்றைப் பழைய வேட்டித் துணியால் கட்டும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் நெடுங்காலமாக இருந்துவருகிறது. சிசேரியன் அறுவைக்குப் பிறகு மருத்துவமனைகளிலேயே வயிற்றுப் பெல்ட் பரிந்துரைக்கப்படுவதும், அது எழுந்து நடப்பதை எளிதாக்கி வலியைக் குறைப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுவதும் உண்மை. தளர்ந்த தசைச் சுவருக்குத் தற்காலிகத் தாங்கலாக அது செயல்படுகிறது. நியோபிரீன் பெல்ட்டும் முதுகுக்குக் கதகதப்பையும் பிடிப்பையும் தருகிறது. அந்தப் பயனுக்காக வாங்கினால், தையலும் வெல்க்ரோவும் உறுதியாக இருக்கும் பட்சத்தில், கொடுத்த பணத்துக்குத் தகுந்த பொருள்தான்.

கவலைக்குரியது, இந்தச் சாதனங்கள் குறிவைக்கும் இடம் வயிறு என்பதே. வயிற்றில் சேரும் கொழுப்பில் கையால் பிடிக்கக்கூடிய தோலடிக் கொழுப்பு ஒரு பகுதி மட்டுமே. தசைச் சுவருக்குப் பின்னால், குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து சேரும் உள்ளுறுப்புக் கொழுப்பு மற்றொரு பகுதி. நீரிழிவுக்கும் மாரடைப்புக்கும் நெருங்கிய தொடர்புடையது இந்த இரண்டாவது வகை. பெல்ட்டின் சூடு அந்த ஆழத்தை எட்டுவதற்குள் தோலில் ஓடும் இரத்தமே அதை வாங்கிக்கொண்டு உடலெங்கும் பரப்பிவிடுகிறது. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை ஒருங்கிணைத்து 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய ஆய்வின்படி, நாட்டின் வயதுவந்தோரில் 39.5 சதவீதத்தினருக்கு வயிற்றுப் பருமன் இருக்கிறது. உடல் முழுவதற்குமான பருமன் 28.6 சதவீதம்தான். கை, கால் மெலிந்திருந்தும் வயிறு மட்டும் முன்தள்ளிய உடல்வாகு இங்கே எவ்வளவு பரவலானது என்பதை இந்த இடைவெளி சொல்கிறது. இப்படிப்பட்ட ஒருவர் மாலைதோறும் பெல்ட் கட்டி, டேப்பில் குறைந்த அளவைக் கண்டு நிம்மதியடையும்போது, இரத்தத்தில் சர்க்கரை ஏறிவருவதை அறியாமலே மாதங்கள் கடந்துவிடுகின்றன. அந்த இழப்பு பெல்ட்டின் விலையைவிடப் பெரிது. இத்தனைக்கும், உணவைச் சற்றுக் குறைத்து நடையைக் கூட்டினால் முதலில் குறையத் தொடங்குவது பெரும்பாலும் இந்த உள்ளுறுப்புக் கொழுப்புதான்.

இந்த வாக்குறுதிகள் சட்டத்தின் கண்ணிலும் படாமல் இல்லை. அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், உடலில் அணிவதாலோ தோலில் தேய்ப்பதாலோ கணிசமாக எடை குறையும் என்ற கூற்றை, எந்த நிலையிலும் உண்மையாக இருக்க முடியாத விளம்பரக் கூற்றுகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. காஃபின் ஊட்டிய உள்ளாடை தொடையைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்த வாகோல் நிறுவனம் 2014-இல் 13 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. இந்தியாவில் 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் சட்டம், குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலில் உடல் பருமனையும் சேர்த்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். அதில் நடித்துப் பரிந்துரைப்பவரும் பொறுப்பாவார். ஏமாற்றப்பட்டவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

உடல் மெலிவுச் சாதனம் என்ற வகையில் இம்மூன்றில் எதையும் பரிந்துரைக்க இயலாது. சானா பெல்ட்டையும் பிளாஸ்டிக் உறையையும் தவிர்ப்பதே பாதுகாப்பு. பெல்ட் வாங்க எண்ணியிருப்பவர்கள் முதலில் தம் இடுப்பளவை முறைப்படி அளந்து பார்க்க வேண்டும். அது ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டியிருந்தால், அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் அந்தப் பரிசோதனைக்குக் கட்டணம் கிடையாது.