அழிவா, அழிப்பா?

எலிசபெத் கோல்பேர்ட்டின் 'ஆறாவது அழிவு' (2014) பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஒரே வசனத்தில் வந்து நிற்கிறார்கள்: மனிதன் ஏனைய உயிரினங்களை இல்லாமலாக்குகிறான். இந்த 'மனிதன்' யார் என்பதே என் கேள்வி.

நூல் நல்ல நூல்தான். 2015இல் புலிற்சர் பரிசும் பெற்றது. நான் இங்கே எடுத்துக்கொள்வது பெரும் ஓக் என்ற பறவை பற்றிய அத்தியாயத்தை.

பறக்கவியலாத வட அத்திலாந்திக் கடற்பறவை அது. நியூபவுண்லாந்துக்கு அப்பாலுள்ள பங்க் தீவில் பெருங்கூட்டமாக முட்டையிட்டது. பியோதுக் மக்கள் வள்ளங்களில் சென்று முட்டையும் இறைச்சியும் எடுத்தார்கள், பறவை இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மீன்பிடிக் கப்பல்கள் வந்தன. முதலில் மாலுமிகளுக்கு உணவு, தூண்டிலுக்கு இரை. பின்னர் மெத்தைக்கு இறகு. இறகைக் கழற்ற நீரைச் சூடாக்க வேண்டும். தீவில் மரமில்லை. ஆகவே கொழுத்த பறவைகளையே விறகாக எரித்தார்கள். இது நிறுத்தப்படாவிட்டால் இந்த இனமே ஏறக்குறைய இல்லாமற்போகும் என்று ஜோர்ஜ் கார்ட்ரைற் என்ற வணிகர் 1785இலேயே நாட்குறிப்பில் எழுதிவைத்தார். அரிதாக அரிதாக விலை ஏறியது. 1844 யூனில் ஐஸ்லாந்தின் எல்டே பாறையில், உறுதியாக அறியப்பட்ட கடைசிச் சோடி விற்பனைக்காகக் கொல்லப்பட்டது. அவற்றின் உள்ளுறுப்புகள் கொப்பன்ஹேகன் அருங்காட்சியகத்தில் உள்ளன.

அதற்குப் 15 ஆண்டுகளுக்கு முன், 1829இல், பியோதுக் மக்களில் கடைசியாக அறியப்பட்ட ஷனாவ்டிதிற் என்ற பெண் காசநோயால் இறந்தார். குடியேறிகள் கரையைப் பிடித்துக்கொள்ள, கடலுணவை இழந்து உள்நாட்டுக்குத் தள்ளப்பட்ட மக்கள் அவர்கள். பறவையைத் தின்றவரையும் விறகாக எரித்தவரையும் ஒரே 'மனிதன்' ஆக்குவது எப்படி?

ஆனால், காலனியம் என்று சொல்லிவிட்டு நாம் எழுந்துபோகவும் முடியாது. நியூசிலாந்தில் 13ஆம் நூற்றாண்டளவில் குடியேறிய மாஓரிகளின் மூதாதையர், சுமார் 200 ஆண்டுகளுக்குள் மோவாப் பறவையினங்கள் அனைத்தையும் தீர்த்துவிட்டார்கள். அங்கே கம்பனியும் இல்லை, சந்தையும் இல்லை. நமது இடதுசாரி நண்பர்கள் இப்படியான பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள்.

கோல்பேர்ட் அப்படிப் புரட்டவில்லை. அவர் பிறகு போகும் திசைதான் எனக்கு உடன்பாடில்லை. கரை தெரியாத கடலில் இறங்கும் ஏதோவொரு பைத்தியம் நமது மரபணுவில் இருக்கக்கூடும் என்ற, மரபணுவியலாளர் சுவந்தே பேபோவின் யோசனைக்கு அவர் நிறைய இடம் தருகிறார். கார்ட்ரைற்றின் எச்சரிக்கைக்குப் பிறகும் தொடர்ந்த இறகு வியாபாரத்துக்கு மரபணுவில் காரணம் தேடவேண்டியதில்லை. கணக்குப் புத்தகம் போதும்.

நூலின் தலைப்பை மேலே 'அழிவு' என்று தமிழாக்கியிருக்கிறேன். ஓக் அத்தியாயத்தைப் பொறுத்தவரை அதை 'அழிப்பு' என்று திருத்திக்கொள்கிறேன். மோவாவுக்கு எந்தச் சொல் என்பதில் எனக்கு இன்னும் முடிவில்லை.