காஞ்சியும் சப்பான் மொழிக் கல்வியும்

அயல்நாட்டு மொழியொன்றை நம் பல்கலைக்கழகங்கள் எதன்பொருட்டுக் கற்பித்தல் வேண்டும் என்னும் வினாவிற்குச் சாந்திநிகேதனம் நெடுநாளைக்கு முன்னரே விடை காணத் தொடங்கிற்று. 1902-இல் இந்தியாவில் இருந்த ஒகாகுரா தாகூரோடு பூண்ட நட்பும், 1916-இல் தாகூர் சப்பானுக்குச் சென்று வந்த செலவும் வளர்த்த உறவே, 1994-இல் விசுவபாரதியில் நிப்பான் பவனம் என்னும் நிலையமாக உருப்பெற்றது. அங்கு மொழி, பண்பாட்டின் வாயிலாகவே கருதப்பெற்றது.

நம் காஞ்சிப் பகுதியின் நிலை வேறு. ஒரகடம், திருப்பெரும்புதூர் ஆகிய இடங்களில் சப்பானியத் தொழிலகங்கள் எழுந்தபின், அம்மொழி கற்று ஐந்து நிலைத் தேர்வுகளில் ஏறிச் செல்ல விழையும் இளைஞர் தோன்றியுள்ளனர். வயிற்றுக்கு உதவும் கல்வியை இழித்துரைத்தல் முறையன்று. ஆயினும் அம்மொழியால் தமிழாராய்ச்சிக்கு ஆவதொன்றுண்டு என்பதைத் தமிழ்த்துறைகள் இன்னும் எண்ணிப் பார்த்தில.

போதிதருமர் காஞ்சி அரசன் மைந்தர் என்பதை மேடைதோறும் கேட்கின்றோம். அவரைக் குறிக்கும் மிகப் பழைய சீனக் குறிப்பு, 547-ஐ ஒட்டி எழுதப்பெற்றது. அஃது அவரைப் பாரசீகத்தார் என்கின்றது. தென்னிந்தியர் என்பது வேறொரு மரபு. காஞ்சி என்பது அதனினும் பிந்தியது. இவற்றை எடைபோடாது முழங்குதல் ஆராய்ச்சியாகாது.

ஓனோ சுசுமு அவர்களின் கொள்கையிடத்தும் நாம் இவ்வாறே நடந்துகொண்டோம். நெல் வேளாண்மை, உலோகம், நெசவு ஆகியன தமிழ்ச் சொற்களோடு சப்பானை அடைந்தன என்பது அவர் கருத்து. அதனைக் கொண்டாடினோம், அவர் நாட்டு மொழியறிஞர் எழுப்பிய மறுப்புகளைப் பயின்றோமல்லேம். வகுப்பறையில் அக்கொள்கையை முடிந்த முடிபாக எடுத்துரைத்த பிழை எமக்கும் உண்டு. தறியையும் தறியில் நெய்த துணியையும் குறிக்கும் சப்பானியச் சொல் 'ஹத' என்பதாம். பகரமே பின்னர் ஹகரமாகத் திரிந்தமையின் பண்டை வடிவம் 'பத' ஆகும். பட்டு நெய்வோர் ஊரில் வாழ்பவர்க்கு உடனே துணியைக் குறிக்கும் 'படம்' நினைவிற்கு வரும். ஆனால் வடமொழியில் 'பட' என்பதும் துணியே. அன்றியும், கொரியா வழியாகக் குடியேறிப் பட்டு நெசவில் பெயர்பெற்ற 'ஹத' என்னும் குலத்தார் சப்பானிய வரலாற்றில் உளர். குலப்பெயருக்கும் தறிப்பெயருக்கும் உள்ள தொடர்பை அந்நாட்டார் நெடிது ஆராய்ந்துள்ளனர். அவர்தம் நூல்களை மூலத்தில் கற்கவியலாதவர், இச்சொல்லொப்புமை மெய்யென்றோ பொய்யென்றோ எங்ஙனம் துணிவர்?

இவற்றினும் உறுதியான தொடர்பொன்று மணிமேகலையில் உளது. 'தவத்திறம் பூண்டு தருமங்கேட்ட காதை'யில் அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்கு அளவை நூல் உணர்த்துகின்றார். பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, திட்டாந்தப்போலி பத்து. ஆக முப்பத்து மூன்று. இதே தொகையும் வகையும் நியாயப்பிரவேசம் என்னும் வடநூலில் உள. அந்நூலை 647-இல் சீனத்தில் பெயர்த்தவர் யுவான் சுவாங். ஏறத்தாழ 640-இல் காஞ்சி வரை வந்து, நாலந்தாவின் தருமபாலர் பிறந்த ஊர் இதுவென எழுதியவரும் அவரே. அத்தருமபாலரின் உரையை முதன்மையாகக் கொண்டே அவர் 659-இல் விஞ்ஞானவாத நூலொன்றைத் தொகுத்தார். 653-இல் சீனம் சென்று அவர்பால் பயின்ற தோஷோ என்னும் துறவி, அம்மரபைச் சப்பானுக்குக் கொண்டு சென்றார். அதுவே ஹொஸ்ஸோ எனப்பட்டது. நாராவின் கோஃபுகுஜி, யகுஷிஜி ஆகியன அதன் தலைமைக் கோயில்கள். அம்மரபில் அளவை நூலை 'இன்ம்யோ' என வழங்கி, எட்டாம் நூற்றாண்டில் ஸென்ஜு முதலியோர் விரிவுரைகள் வரைந்தனர்.

மணிமேகலை நியாயப்பிரவேசத்தைத் தழுவிற்றா, இரண்டிற்கும் பொதுவான முதல்நூல் ஒன்று இருந்ததா என்பதைப் பொறுத்தே அக்காப்பியத்தின் காலம் பற்றிய வழக்கின் ஒரு பகுதி அமைகின்றது. தமிழிலும் வடமொழியிலும் உள்ளவற்றை நம்மவர் பன்முறை ஒப்பிட்டனர். சப்பானிய உரைமரபையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். அதற்குப் பேச்சுப் பயிற்சி போதாது. பழஞ்சப்பானியமும், அவ்வுரைகள் எழுதப்பெற்ற செவ்வியல் சீனமும் வேண்டும். காஞ்சியில் ஒரு நிலையம் அமையுமாயின், அதன் முதற் பாடநூலாக மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையை வைத்து, ஸென்ஜுவின் உரையைப் பக்கத்திலிட்டு, முப்பத்து மூன்று போலிகளையும் ஒவ்வொன்றாகக் கற்பிக்கத் தொடங்கலாம்.