வம்சாவளியும் வாசற்கதவும்

நாயை நேசிப்போர் எல்லாரும் ஒரே குடும்பத்தினர் என்னுங் கூற்று மேலைநாடுகளில் அடிக்கடி கேட்கப்படுவதொன்றாகும். நாய்க்குட்டியொன்றைக் கையிற் பிடித்தபடி பூங்காவுக்குள் நுழைபவனை முன்பின் அறியாதோரும் முகமலர்ந்து வரவேற்பர் என்றும், குலம், பணம், பதவி ஆகிய வேற்றுமைகள் யாவும் அவ்விடத்தில் மறைந்துபோகும் என்றும் கூறுவர். கேட்பதற்கு இனிய இக்கூற்று எவ்வளவு தூரம் உண்மையானது? நாய் வளர்ப்போர் தமக்கென அமைத்துக்கொண்ட சங்கங்களும் வட்டங்களும் புதியவனுக்குத் தமது கதவை எப்பொழுது திறந்தன? எப்பொழுது அடைத்தன? ஏன் அடைத்தன? இவை அற்ப விடயங்கள் என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால், அரசியலிலும் சமயத்திலும் தன்னை மறைத்துக்கொள்ளத் தெரிந்த ஒரு வர்க்கம், தனது பொழுதுபோக்கில் அவ்வளவு எச்சரிக்கையாக இருப்பதில்லை.

இக்கேள்விகளை எழுப்பும்போது அன்ரன் செகாவின் இரு சிறுகதைகள் நம் நினைவுக்கு வருகின்றன. 1899இல் வெளிவந்த ‘நாய்க்காரச் சீமாட்டி’யில், யால்ரா நகருக்கு ஓய்வைக் கழிக்க வந்த குரோவ் என்பவன், தனியே உலாவும் இளம்பெண் ஒருத்தியுடன் பேச வழி தேடுகிறான். அவளது பொமரேனியன் நாயைச் சைகை காட்டி அழைக்கிறான். அது உறுமுகிறது. அது கடிக்காது என்று அவள் நாணத்தோடு கூற, எலும்பொன்று கொடுக்கலாமா என்று அவன் வினவுகிறான். அவ்வளவில் அறிமுகம் நிகழ்ந்துவிடுகிறது. அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னர், 1884இல், அவர் எழுதிய ‘பச்சோந்தி’ வேறொரு காட்சியைக் காட்டுகிறது. சந்தைச் சதுக்கத்திலே ஒரு நாய்க்குட்டி பொற்கொல்லன் ஒருவனின் விரலைக் கடித்துவிடுகிறது. விசாரிக்க வந்த பொலிஸ் அதிகாரி, நாய்க்கு உடையவன் யாரென்று தெரியாதபோது அதனைக் கொல்லவேண்டும் என்கிறான்; அது தளபதியின் நாய் என்று எவனோ சொன்னதும் கடியுண்டவனையே வைகிறான்; தளபதியினுடையது அன்று என்றதும் மீண்டும் நாயை இகழ்கிறான்; ஈற்றில், அது தளபதியின் சகோதரருடையது என்று அறிந்ததும் அதனைக் கொஞ்சிவிட்டுப் பொற்கொல்லனை மிரட்டிச் செல்கிறான்.

முதற்கதையில் நாய் அந்நியரை இணைக்கிறது, இரண்டாவதிலோ பிரிக்கிறது. ஆயினும் இவற்றிடையே முரண்பாடு இல்லை. யால்ராக் கடற்கரையில் உலாவிய இருவரும் ஓய்வுக்கு வேண்டிய பணமும் நேரமும் படைத்த ஒரே வர்க்கத்தினர். அவர்களிடையே கதவு ஏற்கெனவே திறந்து கிடந்தது. சந்தையிலோ நாயின் மதிப்பு, அதனை உடையவனின் மதிப்பிலிருந்து பெறப்படுகிறது. நாயைக் கண்டு மனிதனை வரவேற்பதாகச் சொல்வோர் பெரும்பாலும் மனிதனைக் கண்டே நாயை வரவேற்கின்றனர் என்பதைச் செகாவ் நகைச்சுவையோடு உணர்த்திவிட்டார். இதனைக் கற்பனைக்கு வெளியே, வரலாற்றில் வைத்துச் சோதிப்பதற்கு இங்கிலாந்து தக்க களமாகும். நாய் வளர்ப்பைச் சங்கமாகவும் விதிக்கோவையாகவும் வம்சாவளி இடாப்பாகவும் ஒழுங்குபடுத்தி உலகிற்கு வழங்கியது அந்நாடே.

அங்கு நாய் வைத்திருத்தல் நெடுங்காலம் சொத்துடையாரின் சலுகையாகவே இருந்தது. இரண்டாம் றிச்சாட் மன்னனின் காலத்தில், 1389ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்டொன்றுக்கு 40 ஷில்லிங் வருமானந் தரும் நிலமில்லாத குடிமகன் வேட்டை நாய் வைத்திருக்கலாகாது என்று விதித்தது. 1671ஆம் ஆண்டில் இத்தகுதி மேலும் உயர்த்தப்பட்டது. சொந்த நிலத்திலிருந்து ஆண்டுக்கு 100 பவுண் பெறுபவனே வேட்டைக்கும் வேட்டை நாய்க்கும் பொதுவாக உரியவனானான். 1831ஆம் ஆண்டிலேயே இந்தச் சொத்துத் தகுதி நீக்கப்பட்டது. காட்டு முயலும் கௌதாரியும் நிலப்பிரபுவின் உணவு மேசைக்கு உரியவை. அவற்றைப் பிடிக்கவல்ல நாய் ஏழையின் குடிசையில் இருக்குமாயின் அது களவுக் கருவியாகக் கருதப்பட்டது. ஆகவே, நாய் வளர்ப்போர் வட்டத்தின் முதற் கதவு நிலவுடைமை என்னும் பூட்டினாற் பூட்டப்பட்டிருந்தது எனலாம்.

எனினும் உழைக்கும் மக்கள் நாயைக் கைவிடவில்லை. வடஇங்கிலாந்துச் சுரங்கத் தொழிலாளரிடையே விப்பெற் என்னும் மெலிந்த ஓட்ட நாய் வளர்ந்தது. நோதம்பலண்ட் பகுதியின் சுரங்கக் கிராமத்திலிருந்து பெட்லிங்ரன் ரெரியர் தோன்றியது. ஸ்கொத்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி யோர்க்ஷயர் ஆலைகளுக்கு வந்த நெசவாளர் கொண்டுவந்த சிறுநாய்களிலிருந்தே, இன்று சீமாட்டிகளின் மடியில் அமரும் யோர்க்ஷயர் ரெரியர் உருவாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இத்தகையோர் கூடிய இடம் தவறணை. மாலையில் வேலை முடிந்ததும் தத்தம் நாய்களைத் தூக்கிவந்து மேசைமீது வைத்து ஒப்பிட்டனர், குட்டிகளை மாற்றிக்கொண்டனர், எந்த நாயோடு எந்த நாயைச் சேர்க்கலாம் என்று வாதிட்டனர். அங்கே நுழைவதற்கு ஒரு கோப்பை மதுவின் விலை போதுமானதாயிருந்தது. இதனை நாம் பொற்காலமாகப் போற்ற வேண்டியதில்லை. அதே தவறணைகளில் எலி கடிக்கவிட்டுப் பந்தயங் கட்டும் கொடுமையும் நிகழ்ந்தது. ஆனால், அறிவு அங்கே கையிலிருந்து கைக்குத் தடையின்றிச் சென்றது என்பதை மறுத்தல் இயலாது.

1859ஆம் ஆண்டில் நியூகாசில் நகரில் ஒழுங்கான முறையில் முதலாவது நாய்க்கண்காட்சி நடைபெற்றது. அதிற் கலந்துகொள்ள அனுமதிக்கப்பட்டவை பொயின்ரர், செற்றர் என்னும் இருவகைத் துப்பாக்கி வேட்டை நாய்களே, பரிசும் துப்பாக்கியே. எந்த வர்க்கத்தை மனத்திற்கொண்டு இக்கண்காட்சி நடத்தப்பட்டது என்பதை விளக்க வேண்டியதில்லை. 1873ஆம் ஆண்டில், பெருநிலச் சொந்தக்காரரும் பாராளுமன்ற உறுப்பினருமான சுவாலிஸ் ஷேர்லி என்பவரின் தலைமையிற் கனவான்கள் சிலர் கூடிக் கெனல் கிளப்பை நிறுவினர். அடுத்த ஆண்டிலேயே வம்சாவளி இடாப்பின் முதற்றொகுதி வெளிவந்தது. கண்காட்சிகளில் நிலவிய மோசடிகளையும் குழப்பங்களையும் களைவது அவர்களது நோக்கம் என்பதில் ஐயமில்லை; பதிவும் விதியும் வேண்டப்பட்டன என்பதையும் நாம் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால், விதியை வகுக்கும் உரிமை யார் கைக்குச் சென்றது? சுரங்கத் தொழிலாளியும் நெசவாளியும் உருவாக்கிய நாய்கள் இடாப்பிலே இடம்பெற்றன. அவர்களுக்கோ அவ்விடாப்பை ஆளும் கழகத்தில் இடமிருக்கவில்லை. உழைப்பின் பயன் உள்ளே செல்ல, உழைத்தவன் வெளியே நின்றான்.

பெண்களின் நிலை இதனினும் விந்தையானது. நாய்களைப் பேணி வளர்த்துக் கண்காட்சிகளுக்குக் கொண்டுவருவோரிற் பெருந்தொகையினர் பெண்களாயிருந்தும், கெனல் கிளப்பின் முழு உறுப்புரிமை அவர்களுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மறுக்கப்பட்டது. புளோரன்ஸ் நேகிள் என்னும் அம்மையார் ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட் நாய்களை வளர்ப்பதிற் புகழ்பெற்றவர். குதிரைப் பந்தயக் கழகத்திற்கு எதிராக வழக்காடி, பயிற்றுநர் அனுமதிப்பத்திரம் பெறும் உரிமையை 1966இற் பெண்களுக்கு வென்று கொடுத்தவர். அவரே கெனல் கிளப்போடும் போராட வேண்டியதாயிற்று. 1979ஆம் ஆண்டிலேயே பெண்கள் அங்கு முழு உறுப்பினராயினர். அவ்வேளை அவ்வம்மையார் எண்பது வயதைக் கடந்திருந்தார். வாழ்நாள் முழுவதும் நாயோடு வாழ்ந்த ஒருவரையே இவ்வாறு வாசலில் நிறுத்திய கழகம், நேற்று ஒரு குட்டியை வாங்கியவனை எவ்வாறு நோக்கியிருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்விடத்தில் எமது மொழியையும் நாம் கருத வேண்டியுள்ளது. வம்சாவளி தெரிந்த நாயை நாம் ‘சாதி நாய்’ என்கிறோம். அது தெரியாதது ‘ஊர் நாய்’. ஆங்கிலேயரோ எமது பிரதேசங்களுக்கு வந்தபோது, தெருவில் வாழும் நாய்க்குப் ‘பறையா நாய்’ என்று பெயரிட்டனர். ஒடுக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டத்தின் தமிழ்ப்பெயரையே அவர்கள் எடுத்து, வம்சாவளிப் பத்திரமில்லாத விலங்குக்குச் சூட்டினர். பின்னர் அச்சொல் ஆங்கிலத்தில், சமூகத்தாற் புறந்தள்ளப்பட்ட எவனையுங் குறிக்கும் பொதுச் சொல்லாகவும் ஆயிற்று. யாழ்ப்பாணத்து வேளாளனின் அகராதியும் இலண்டன் கனவானின் அகராதியும் இந்த ஒரு விடயத்தில் இவ்வளவு எளிதாக ஒத்துப்போனமை தற்செயலானதன்று. பிறப்பினால் மதிப்பை அளக்கும் பழக்கம் இரண்டிற்கும் பொதுவானது. வம்சாவளி இடாப்பு என்பது நாய்களைப் பற்றி மனிதர் எழுதிய சாதி நூலேயாகும்.

அடைத்த கதவு வெளியே நிற்பவனுக்கு மட்டுமே தீங்கு செய்யும் என்று எண்ணுவது தவறு. டல்மேஷியன் நாயின் கதை இதற்குச் சிறந்த சான்றாகும். வெண்ணிற உடலிற் கரும்புள்ளிகள் கொண்ட இந்நாயினத்தில், வம்சாவளி நாய்கள் அனைத்துக்கும் ஒரு பரம்பரைக் குறைபாடு இருந்தது. யூரிக் அமிலத்தை உடல் உரியவாறு மாற்றாமையினால், சிறுநீர்ப்பையிற் கல் உண்டாகி, குறிப்பாக ஆண் நாய்கள் பெருந்துன்பம் அடைந்தன. இனத்தினுள் இருந்த எல்லா நாய்களுக்கும் இக்குறை இருந்தமையால், உள்ளிருந்தே அதனை நீக்க வழியில்லை. 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவில் றொபேட் ஷைபிள் என்னும் மரபியலறிஞர், டல்மேஷியனை ஒரு பொயின்ரரோடு ஒருமுறை சேர்த்து, பிறந்த குட்டிகளிலிருந்து தலைமுறை தலைமுறையாக மீண்டும் டல்மேஷியன்களோடே சேர்த்துவந்தார். தோற்றத்தில் டல்மேஷியனாகவும் இக்குறை நீங்கியனவாகவும் உள்ள நாய்கள் கிடைத்தன. 1981இல் அமெரிக்கக் கெனல் கிளப் அவற்றுள் இரண்டைப் பதிவுசெய்தது. உடனே டல்மேஷியன் வளர்ப்போர் கழகத்தில் எதிர்ப்பு மூண்டது. இரத்தத் தூய்மை கெட்டுவிடும் என்றனர். பதிவு நிறுத்தப்பட்டது. 2011ஆம் ஆண்டிலேயே அந்நாட்டில் அக்கதவு மீளத் திறந்தது. பிரித்தானியக் கெனல் கிளப் அதற்கு முந்திய ஆண்டில், அவ்வழிவந்த நாயொன்றை ஏற்றபோது அங்கும் டல்மேஷியன் கழகத்தினர் எதிர்ப்புத் தெரிவித்தனர்.

மருந்து கையில் இருந்தும் முப்பது ஆண்டுகள் நோயை வைத்திருந்தனர். அவர்கள் நாயை வெறுத்தவர்களல்லர். தத்தம் நாய்க்காகக் கண்ணீர் வடித்தவர்களே. ஆயினும், நாயின் உடலிலும் மேலாக இடாப்பை அவர்கள் நேசித்தனர். 2008ஆம் ஆண்டில் பி.பி.சி. ஒளிபரப்பிய விவரணப்படமொன்று வம்சாவளி நாய்களின் பரம்பரை நோய்களை வெளிப்படுத்தியபோது பெரும் பரபரப்பு ஏற்பட்டது. மறு ஆண்டில், தாய்க்கும் மகனுக்கும், தந்தைக்கும் மகளுக்கும், உடன்பிறந்தவற்றுக்கும் பிறந்த குட்டிகளைப் பதிவதைப் பிரித்தானியக் கெனல் கிளப் நிறுத்தியது. அதுவரை அவை பதியப்பட்டு வந்தன என்பதே அதன் பொருள். புதிய இரத்தத்தை மறுக்கும் இனமும் புதிய மனிதரை மறுக்கும் சங்கமும் ஒரே நோயால் வாடுகின்றன.

இதற்கு எதிராக ஒரு வாதம் உண்டு. அதனை நாம் புறக்கணிக்கலாகாது. வருபவன் எல்லாரையும் வரவேற்றால் துன்புறுவது நாயல்லவா என்று அனுபவசாலிகள் கேட்கின்றனர். கொவிட் பெருந்தொற்றுக் காலத்தில், 2020ஆம் ஆண்டில், பிரித்தானியாவிற் பெருந்தொகையானோர் முதன்முறையாக நாய் வாங்கினர். வீட்டிலடைபட்ட தனிமைக்கு மருந்தாக வாங்கியவர்களிற் சிலர், வேலைக்குத் திரும்பியதும் அதனைச் சுமையாகக் கண்டனர். இது மெய்யே. ஆனால், இத்துன்பத்திற்குப் புதியவனின் அறியாமையை மட்டும் குற்றஞ்சாட்டுவது, பொருளை விற்றவனை விட்டு வாங்கியவனைத் தண்டிப்பதாகும். குட்டிகளைப் பண்ணைப் பொருளாகப் பெருக்கி, தாயைக் காட்டாமலே இடைத்தரகர் மூலம் விற்ற வாணிகமே இதன் வேர். அதே 2020 ஏப்ரலில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்த சட்டம், ஆறு மாதத்திற்குக் குறைந்த குட்டிகளை மூன்றாந் தரப்பினர் வணிகமாக விற்பதைத் தடைசெய்தது. சட்டம் சரியான இடத்தைத் தொட்டது. பழையவர்களின் ஏளனமோ அறியாதவனை மேலும் அறியாதவனாகவே வைத்திருந்தது.

புதியவனிடம் கேட்கப்படும் கேள்விகள் இருவகைப்படும். நாயோடு செலவிட உனக்கு நேரமுண்டா, தடுப்பூசி போட்டாயா, அது முதுமையடையும்போது யார் பார்ப்பார் என்பன ஒருவகை. எந்த வளர்ப்பகத்தில் வாங்கினாய், பத்திரம் உண்டா, இதுகூடத் தெரியாமலா நாய் வளர்க்க வந்தாய் என்பன மற்றொருவகை. முதல்வகைக் கேள்விகள் எவ்வளவு கடுமையாயினும் நாயின் பொருட்டுக் கேட்கப்படுபவை. விடை தெரியாதவனுக்கு விடையைக் கற்பிக்கவும் இடந்தருபவை. இரண்டாம்வகைக் கேள்விகள் கேட்பவனின் உயர்வை நிலைநாட்டுவதற்கே கேட்கப்படுகின்றன. 1860ஆம் ஆண்டில் மேரி ரீல்பி என்னும் அம்மையார், இலண்டன் தெருக்களிற் பசியால் வாடிய நாய்களுக்குப் புகலிடம் அமைத்தபோது பத்திரிகைகள் அவரை எள்ளி நகையாடின. பின்னர் பற்றர்சி என்னும் இடத்துக்கு மாறிய அந்நிலையம் இன்றும் இயங்குகிறது. வம்சாவளியைப் பொருட்படுத்தாது நாயை ஏற்று, வளர்க்கக்கூடியவர் யாரென்று ஆராய்ந்து ஒப்படைக்கிறது. கண்டிப்பும் வரவேற்பும் ஒருங்கே இயலும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

ஆசிரியராகவும் மாணவராகவும் உள்ள நமக்கு இவ்வேறுபாடு புதியதன்று. வகுப்பறையில் எழும் முதற் கேள்வியைச் சிரித்து அடக்குபவன், தான் காக்க விரும்பும் அறிவையே சாகடிக்கிறான். இலக்கிய வட்டங்களிலும் இரத்தத் தூய்மை பேசுவோர் இல்லாமல் இல்லை. அறிவைத் தனிச்சொத்தாகக் கருதும் எந்த வட்டமும் வந்தவனின் கையிலுள்ள பத்திரத்தையே முதலிற் பார்க்கும். அறிவைப் பொதுச்சொத்தாகக் கருதுவதோ அவன் கற்க விரும்புவதை முதலிற் கேட்கும். நாய் வளர்ப்போர் சங்கங்களுள் எது நல்லது என்று எவரேனும் நம்மிடம் வினவினால், அங்கு பெற்ற கிண்ணங்களையும் பதக்கங்களையும் எண்ண வேண்டாம் என்போம். ஊர் நாயொன்றைக் கயிற்றிற் கட்டிக்கொண்டு வரும் ஒருவன், அதற்கு என்ன உணவு கொடுக்கலாம் என்று அங்கே தயக்கமின்றிக் கேட்கக்கூடுமா என்று பார்த்தாற் போதும். அவனுக்கு விடை கிடைக்கும் இடமே மனிதர்க்கும் நாய்க்கும் ஏற்ற இடம் என்பது நமது துணிபு.