ஹெட்போனுக்குள் ஒரு கொடைக்கானல்

தமிழ்க் காதல் நாவலில் தேனிலவு என்றால் கொடைக்கானல். ஒப்பந்தக் கல்யாணம் செய்துகொண்ட இருவர் முறைத்துக்கொண்டே ஒரே அறையில் தங்க நேர்வதும் அங்கேதான். மாத நாவல் காலத்து வாசகி இந்த மலையை அரைப் பக்கத்தில் தாண்டிவிடுவாள். இன்று அதே கதைகளை யூடியூபிலும் பாக்கெட் எஃப்.எம்., குக்கு எஃப்.எம். போன்ற செயலிகளிலும் யாரோ வாசிக்க, அவள் கேட்கிறாள். கண் தாண்டியதைக் காதால் தாண்ட முடியவில்லை. ஒலிநாவலில் முதலில் வெளுத்துப்போவது காதலர்கள் அல்ல, கொடைக்கானல்தான்.

கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, பிரையண்ட் பூங்கா, ஏரியில் படகு என்று ஜோடி சுற்றிவரும் பகுதி அச்சில் பத்து வரி. குரலில் அது சுற்றுலா வேன்காரரின் பட்டியலாகிவிடுகிறது. நாயகன் பெரும்பாலும் தேயிலை எஸ்டேட் முதலாளி. ஆனால் கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கம் போனால் கண்ணில் படுவது நிழல் மரங்களுக்கடியில் காபி. ஊடே மிளகு, மலைவாழை, ஆரஞ்சு. காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் தாண்டிக்குடியில்தான் இருக்கிறது. தேயிலை ஊட்டியிலிருந்தும் வால்பாறையிலிருந்தும் சினிமா வழியாகக் கதைக்குள் ஏறி வந்துவிட்டது. மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் பூண்டு விளைகிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பூண்டு விவசாயி ஒருவரை நாயகனாக்கினால் என்ன குறைந்துவிடும்?

மலையைக் காதால் அறிவது சமவெளிக்காரர்களுக்குப் புதிதல்ல. 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் கோடை பண்பலை வானொலியை மதுரை, திண்டுக்கல், திருச்சிக்காரர்கள் நன்றாக அறிவார்கள். பண்பலை அலை நேர்கோட்டில் போவது. ஏழாயிரம் அடி உயரத்திலிருந்து கிளம்புவதால் பல மாவட்டங்களைத் தொட்டுவிடுகிறது. இரவில் காதல் பாட்டுக் கேட்டுப் பழகிய ஒரு தலைமுறைக்கு ஒலிநாவல் அதன் நீட்சிதான்.

கொடைக்கானலைக் கதையின் உயிராகவே வைத்த நாவலும் உண்டு. நா. பார்த்தசாரதி ‘மணிவண்ணன்’ என்ற பெயரில் கல்கியில் தொடராக எழுதிய ‘குறிஞ்சி மலர்’ அது. மதுரையில் தொடங்கும் பூரணி, அரவிந்தன் அன்பு கொடைக்கானல் குறிஞ்சிப் பூக்களின் நடுவே கனிகிறது. பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் அந்தச் செடி அங்கே வெறும் அலங்காரமல்ல. நா.பா.வின் நூல்கள் நாட்டுடைமையாகிவிட்டதால் யாரும் தடையின்றி வாசித்துப் பதிவுசெய்யலாம். அச்சில் இன்று கொஞ்சம் கனக்கும் அவர் நடை, வாய்விட்டு வாசிக்கும்போது மேடைத் தமிழின் மூச்சோடு நிமிர்ந்துவிடுகிறது. ஆனால் அரவிந்தன் இறந்துபோகிறான், கல்யாணம் நடப்பதில்லை. ‘சோக முடிவா?’ என்று கேட்டுவிட்டுக் கதையைத் தொடங்கும் இன்றைய ரசிகைகளுக்கு இது ஒத்துவருமா என்பது சந்தேகம்தான்.

ரமணிசந்திரனில் அந்தப் பயம் இல்லை. நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள், அருணோதயம் வெளியீடு, கடைசியில் இருவரும் சேர்வது உறுதி. அவர் கதைகள் பேச்சில் நகர்வதால் ஒலிக்கு இயல்பாகவே பொருந்தும். தொல்லை ‘என்றான்’, ‘என்றாள்’தான். படிக்கும் கண் விழுங்கிவிடும் அந்தச் சொற்கள் குரலில் வரிக்கு வரி வந்து விழுகின்றன. நல்ல வாசிப்பாளர் அவற்றை மூச்சோடு கரைத்துவிடுவார். மற்றவர்கள் நாயகன் பேசும்போது குரலைத் தடிப்பாக்கிக்கொள்ள, கோபக்காரத் தொழிலதிபருக்கு ஜலதோஷம் பிடித்துவிடுகிறது. பாம்பே கண்ணன் ‘பொன்னியின் செல்வ’னுக்குப் பல குரல்களை அமர்த்தி ஒலிநூல் செய்தார். வாராவாரம் வரும் காதல் கதைக்கு அந்தச் செலவு கட்டுபடியாகாது. ஒற்றைக் குரலில் கிடைக்கும் நெருக்கமும் பல குரல்களில் வராது.

அந்த நெருக்கத்துக்கு நம்மிடம் பழைய இலக்கணம் இருக்கிறது. சங்க அகப்பாட்டு ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கூற்று. தோழி தலைவியிடம் பேசுவாள். வேலிக்கு அப்பால் சிறைப்புறத்தில் நின்று தலைவன் கேட்டுக்கொண்டிருப்பான். ஹெட்போன் மாட்டியவர் நிற்பதும் அதே சிறைப்புறத்தில்தான். குறிஞ்சித் திணைக்குரிய பொழுது யாமம் என்பது, அடுப்படி வேலை முடித்து விளக்கணைத்த பின் கதை கேட்பவர்களுக்கு நன்றாகவே புரியும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்குகிறாரே, அதுவும் பட்டியல்தான். ஆனால் ஓசையால் நடக்கும் பட்டியல். கோக்கர்ஸ் வாக் எழுதுபவர்கள் ஒருமுறை அதை உரக்கப் படித்துப் பார்க்கலாம்.

கொடைக்கானல் இருக்கும் பழனி மலைக்கென்றே ஒரு தம்பதியர் கதை புறநானூற்றில் காத்திருக்கிறது. மயிலுக்குப் போர்வை தந்த பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்திருந்தான். அவளிடம் திரும்பிப் போகச் சொல்லிக் கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் நால்வரும் பாடினார்கள். 143 முதல் 147 வரை ஐந்து பாட்டு. மயில் பாடப்புத்தகத்துக்குப் போனது, கண்ணகியின் அழுகை அந்தப் பாட்டுகளோடு தங்கிவிட்டது. பேகன் திரும்பினானா என்று ஐந்தில் ஒன்றும் சொல்லவில்லை. ரமணிசந்திரன் எழுதியிருந்தால் கடைசி அத்தியாயத்தில் நிச்சயம் திரும்பியிருப்பான்.